ஆர்னெட் கோல்மனின் எலெக்ட்ரிக் ஆல்பங்கள்: எங்கே தொடங்குவது, எப்படிக் கேட்பது?

#1 கருந்தட்டு

இங்கே அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஆர்னெட் கோல்மன் பேச்சு வந்தாலே 1959-க்குப் போய்விடுகிறோம். நியூயார்க் ஃபைவ் ஸ்பாட் கிளப், அந்த வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்ஸபோன், 'லோன்லி உமன்', அப்புறம் இரண்டு குவார்டெட்டை (நால்வர் குழு) ஒன்றாக வாசிக்கவிட்டுப் பதிவு செய்த 'ஃப்ரீ ஜாஸ்'. அத்தோடு பேச்சு முடிந்துவிடும். எழுபதுகளின் நடுவில் அதே மனிதர் இரண்டு எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ் கிட்டார், ட்ரம்ஸ் என்று இளைஞர்களைக் கூட்டி, அந்தக் குழுவுக்கு ப்ரைம் டைம் என்று பெயர் வைத்து, கிட்டத்தட்ட இருபது வருடம் அதைக் கைவிடாமல் நடத்தினார். அதைப் பற்றி இங்கே ஓர் இழைகூட இல்லை.

எனக்கும் அது லேசில் பிடிபடவில்லை. 1977-ல் வந்த 'டான்சிங் இன் யுவர் ஹெட்' ஆல்பத்தை முதல் தடவை போட்டபோது நாலு நிமிடம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. குழந்தைப் பாட்டு மாதிரி ஒரு சின்ன மெட்டு, அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். பின்னால் கிட்டார்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. நிறுத்திவிட்டேன். சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை மறுபடி ஓடவிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில் சுவர். மேல் சத்தமெல்லாம் சுவரில் நின்றுவிட்டது. பேஸும் ட்ரம்ஸும் மட்டும் இந்தப் பக்கம் வந்தன. குக்கர் மூடியைத் தேய்த்துக்கொண்டிருந்த கை தானாகவே அந்த ஓட்டத்துக்குத் தேய்க்க ஆரம்பித்தது. ஈரக்கையோடு ஹாலுக்குப் போய் நின்று முதல் பக்கம் முழுவதையும் கேட்டேன். அதற்கு முன்பு வெறும் இரைச்சலாகத் தெரிந்தது அன்றைக்கு ஐந்து பேர் ஒரே நேரத்தில் பாடுவதாகக் கேட்டது.

சாக்ஸபோனைத் துரத்திக்கொண்டு உள்ளே போனால் இந்த ஆல்பங்கள் கதவைத் திறப்பதில்லை, பேஸைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும் என்பது என் அனுபவம். உங்கள் அனுபவம் என்ன? முதலில் எதைக் கேட்டீர்கள்? பிடிக்காதவர்களும் எழுதுங்கள், அதையும் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

#2 தென்கரை

கருந்தட்டு, நல்ல இழை. நான் பிடிக்காதவர்கள் பக்கம். காரணத்தைச் சொல்கிறேன்.

ப்ரைம் டைம் தொடுவது ஃபங்க் என்ற கறுப்பின ஆட்ட இசையை. ஃபங்க் என்றால் ஜேம்ஸ் பிரவுன் குழு. அங்கே ஒவ்வொருவரும் ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொண்டு அதை விட்டு நகரவே மாட்டார்கள். கிட்டார்காரர் இரண்டு ஸ்வரத்தை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் இருப்பார். முதல் அடி வரும்போது எல்லோரும் அங்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். அந்தக் கட்டுப்பாட்டில்தான் ஆட்டம் பிறக்கிறது. ப்ரைம் டைமில் யாருமே தன் இடத்தில் நிற்பதில்லை. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினால் எதைக் கேட்பது?

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1969-லேயே எலெக்ட்ரிக் பக்கம் போய்விட்டார். பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பம் 1973-ல் வந்து நன்றாக விற்றது. எல்லோரும் போன பாதையில் ஆர்னெட்டும் போய்ப் பார்த்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. 1959 ஆர்னெட்டை நெஞ்சில் வைத்திருப்பவன் நான். அதனால்தான் இது உறுத்துகிறது.

#3 நாலுதந்தி

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். கல்யாணக் கச்சேரி, மெல்லிசைக் குழு, சர்ச் என்று எல்லா இடத்திலும் வாசித்திருக்கிறேன். அதனால் இதை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

ப்ரைம் டைமில் பேஸ் வாசித்தவர் ஜமாலதீன் டகூமா. பிலடெல்பியாக்காரர். முதல் ஆல்பம் வரும்போது அவர் பெயர் ரூடி மெக்டேனியல், தட்டிலும் அந்தப் பெயர்தான் இருக்கும். இருபது வயதை ஒட்டிய பையன்.

பேஸ்காரனுக்கு எல்லோரும் சொல்லித்தரும் முதல் பாடம், கார்டு (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும்போது அதன் மூல ஸ்வரத்தைக் கொடு, மற்றவர்கள் அதன்மேல் நிற்கட்டும் என்பது. கட்டடத்துக்கு அஸ்திவாரம் மாதிரி. டகூமா அதைச் செய்வதில்லை. செய்யவும் முடியாது, ஏனென்றால் முன்கூட்டியே எழுதி வைத்த கார்டு வரிசை என்று ஒன்று அங்கே கிடையாது. ஆர்னெட் ஒரு வரி வாசித்தால் அந்த வரிக்குப் பதிலாக இவர் கீழே இன்னொரு மெட்டை வாசிக்கிறார். ஆனால் கை ஃபங்க் கை. ஸ்வரத்தை வெட்டும் விதம், சத்தத்தை நடுவில் அமுக்கி நிறுத்தும் விதம் எல்லாம் பிலடெல்பியா நடன இசைதான். ஆக, கால் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது, காது மெட்டைத் துரத்துகிறது. இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்கிறார்.

தென்கரை சார், நீங்கள் சொன்ன மைல்ஸ் ஒப்பீட்டுக்கே வருகிறேன். மைல்ஸின் எழுபதுகளின் ஆல்பங்களில் பேஸ் ஒரே சொற்கட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். மற்றவர்கள் அதைச் சுற்றி மேகம் மாதிரி வந்து போவார்கள். ஆர்னெட்டிடம் அப்படி அசையாமல் நிற்கும் ஆளே இல்லை. எலெக்ட்ரிக் கருவிகள் என்பதைத் தவிர இரண்டுக்கும் பொதுவாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பாதையில் இவர் போகவே இல்லை சார்.

#4 மழைக்காகம்

தென்கரை அண்ணா, "எல்லோரும் போன பாதை" என்பதற்கு நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

ஆர்னெட் பிறந்தது 1930-ல், டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த். வாசிக்கத் தொடங்கியதே ஆட்டக்கூடங்களில், ரிதம் அண்ட் ப்ளூஸ் குழுக்களில். கறுப்பின மக்கள் வேலை முடிந்து வந்து ஆடுகிற இடங்கள் அவை. 1949 வாக்கில் லூசியானாவில் பேட்டன் ரூஜ் ஊரில் ஓர் ஆட்டக்கூடத்துக்கு வெளியே அவரை அடித்துப் போட்டு, சாக்ஸபோனையும் நாசம் செய்தார்கள். அவர் கையில் அப்போது இருந்தது டெனர் என்ற பெரிய வகை சாக்ஸபோன். பிற்பாடு லாஸ் ஏஞ்சலஸில் ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோரில் லிஃப்ட் இயக்கிக்கொண்டே இசைப் புத்தகங்களைப் படித்தார். ஃபைவ் ஸ்பாட்டில் எழுத்தாளர்களும் ஓவியர்களும் இசை மேதைகளும் நாற்காலியில் உட்கார்ந்து அவரைக் கேட்டது எல்லாம் அதற்கு அப்புறம்.

அதனால் நாற்பத்தைந்து வயதில் ஃபங்க் தாளத்தைத் தொட்டதைப் புதுச் சந்தைக்குப் போனதாக என்னால் பார்க்க முடியவில்லை. உடம்பு ஆடுகிற இசையிலிருந்துதான் அவர் வந்தார். ஆல்பத்துக்கு அவர் வைத்த பெயரைப் பாருங்கள், 'உன் தலைக்குள் ஆடுவது'.

அந்த ஆல்பத்தில் ட்ரம்ஸ் வாசித்த ரொனால்ட் ஷானன் ஜாக்சனும் ஃபோர்ட் வொர்த்காரர்தான். இருவரும் ஒரே பள்ளி, ஐ.எம். டெரல் உயர்நிலைப் பள்ளி. பத்து வயது வித்தியாசம். ரிதம் அண்ட் ப்ளூஸில் பெரிய பெயர் எடுத்த கிங் கர்டிஸும் அதே பள்ளியில் படித்தவர். அந்த ஊரின் ஆட்டம் அந்த ரிக்கார்டுக்குள் இருக்கிறது என்று நினைத்துக் கேட்டால் எனக்கு எல்லாம் பொருந்திவிடுகிறது.

#5 தனியாவர்த்தனம்

ஷானன் ஜாக்சன் பெயரை எடுத்ததற்கு மழைக்காகத்துக்கு நன்றி. எனக்குத் தெரிந்து ஆல்பர்ட் ஐலர், செசில் டெய்லர், ஆர்னெட் என்று ஃப்ரீ ஜாஸ் என்ற கட்டற்ற ஜாஸின் மூன்று பெரியவர்களோடும் வாசித்த ட்ரம்மர் அவர்.

'டான்சிங் இன் யுவர் ஹெட்' கேட்கும்போது ஸ்நேர் ட்ரம்மை (கறகறவென்று ஒலிக்கும் சின்ன ட்ரம்) மட்டும் தனியாகப் பிடித்துக் கேளுங்கள். ராணுவ அணிவகுப்பில் அடிக்கிற மாதிரி உருட்டல் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். வழக்கமான ஃபங்க் ட்ரம்மர் இரண்டாவது, நாலாவது அடியில் அறைவார். இவர் அதைச் செய்யாமல் தாளத்தை உருட்டி உருட்டி முன்னால் தள்ளுகிறார். அதனால்தான் முதல் பக்கத்தின் பதினைந்து நிமிடமும் முன்னால் சரிந்து ஓடுவது போல இருக்கிறது. அடுத்த வருடம் வந்த 'பாடி மெட்டா'விலும் அவரேதான். அதில் முதலாவதாக வரும் 'வாய்ஸ் போயட்ரி', குழு ஆர்னெட்டுக்காகக் காத்திருக்காமல் தானே ஆட்டத்தை மூட்டிவிடும், அவர் அப்புறம்தான் வந்து சேருவார். எனக்கு இரண்டில் 'பாடி மெட்டா'தான் மேல். அதிலுள்ள ஐந்து பாட்டும் ஐந்து விதம். ஆனால் யாரும் அதைச் சொல்வதே இல்லை.

#6 நெடுந்தீவான்

டொரன்டோவில் இருந்து எழுதுகிறேன். 'டான்சிங் இன் யுவர் ஹெட்' எல்பியின் கடைசியில் 'மிட்நைட் சன்ரைஸ்' என்று நாலரை நிமிடத் துண்டு ஒன்று இருக்கிறது. எல்லாரும் அதை ஒரு பின்னிணைப்பு மாதிரி விட்டுவிடுகினம். எனக்கென்னவோ இந்த ஆல்பத்தின் சாவியே அதுதான்.

1973 ஜனவரியில் ஆர்னெட் மொராக்கோவில் ஜஜூக்கா என்ற மலைக் கிராமத்துக்குப் போனார். கூடப் போனவர் ராபர்ட் பால்மர், இசை விமர்சகர், கிளாரினெட்டும் வாசிப்பவர். அந்த ஊர்க் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்து வருகிற கூட்டம். அவர்களிடம் ரைத்தா என்றொரு கருவி. இரட்டை நாக்குச் சீவாளி வைத்த, வாய் விரிந்த குழல். எங்கட நாதஸ்வரத்தின் தூரத்துச் சொந்தம் என்று பார்த்த உடனே தெரியும். பல ரைத்தாக்கள் சேர்ந்து ஒரே வரியை ஊதும். ஆனால் ஒன்றோடொன்று மயிரிழைகூடப் பிசகாமல் ஒட்டி நிற்காது. ஒருவர் கொஞ்சம் முந்துவார், ஒருவர் சுருதியில் ஒரு நூல் மேலே இருப்பார், இன்னொருவர் ஒரு கமகம் கூட்டுவார். அந்த விலகலில்தான் சத்தம் அகலமாகி ஆளை மூடுகிறது. அடியில் மேளங்கள் நிற்காமல் போகும். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ஆர்னெட் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு நுழைந்து வாசிக்கிறார்.

அதைக் கேட்டுவிட்டு மறுபடி முதல் பக்கத்தைப் போடுங்கோ. பேர்ன் நிக்ஸ், சார்லி எல்லர்பீ இரண்டு பேரின் கிட்டாரும் என்ன செய்கின்றன என்று தெரியும். எல்லாரும் ஒரே மெட்டைத்தான் வாசிக்கினம், ஆளாளுக்கு ஒரு நூல் விலகி. ப்ரைம் டைமை ஆர்னெட் உருவாக்கியது இந்தப் பயணத்துக்குப் பிறகுதான்.

இன்னொன்று. அந்தக் குழந்தைப் பாட்டு மாதிரி மெட்டு என்று கருந்தட்டு அண்ணை சொன்னது 1972-ல் லண்டன் சிம்பனி ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த 'ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்கா'விலேயே வருகிறது. அதனால்தான் இங்கே அதற்குப் பெயர் 'தீம் ஃப்ரம் எ சிம்பனி'. முழு ஆர்க்கெஸ்ட்ரா வாசித்ததை அப்படியே எடுத்து ஐந்து பேர் ஆட்டக் குழுவிடம் கொடுத்திருக்கிறார்.

#7 புதுச்செவி

நான் இந்தப் பக்கம் புதுசு. சாக்ஸபோன் என்றாலே எனக்குக் கத்ரி கோபால்நாத்தான். எல்லோரும் ஹார்மலாடிக்ஸ் என்கிறார்களே, அது என்ன? இணையத்தில் தேடினால் தத்துவம் மாதிரி ஏதேதோ வருகிறது, ஒன்றும் புரியவில்லை. யாராவது நடைமுறையாகச் சொல்ல முடியுமா?

#8 நாலுதந்தி

தம்பி, அது ஆர்னெட் தன் இசைக்குத் தானே வைத்த பெயர். ஹார்மனி (ஸ்வரக் கூட்டு), மெலடி (மெட்டு), அசைவு மூன்றும் சமம், ஒன்றுக்கு ஒன்று வேலைக்காரன் இல்லை என்பது அதன் சாரம். தத்துவத்தை விடுங்கள், கையில் எடுத்துப் பார்க்கலாம்.

கத்ரி வாசித்ததும் ஆல்டோ சாக்ஸபோன்தான், ஆர்னெட் வாசித்ததும் அதுதான். ஆல்டோவில் 'சி' என்று எழுதியிருப்பதை வாசித்தால் பியானோவின் 'ஈ ஃப்ளாட்' சத்தம்தான் வரும். கருவியின் அமைப்பே அப்படி. சிறுவனாக ஆர்னெட் தானாகவே சாக்ஸபோன் கற்றுக்கொண்டபோது இந்த விஷயம் தெரியாமல், எழுத்து வரிசையையும் ஸ்வர வரிசையையும் தனக்குத் தோன்றியபடி பொருத்திக்கொண்டார். பிறகு தப்பு என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் ஒரு விஷயம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரே எழுத்து, வேறு வேறு கருவியில் வேறு வேறு சத்தம். அப்படியானால் எது சரியான சத்தம்?

இப்போது ஒரு மெட்டை ஒரு தாளில் எழுதி ஆல்டோ, கிட்டார், பேஸ் மூவரிடமும் கொடுத்து, யாரும் சுதி மாற்றிச் சரிசெய்யாமல் அப்படியே வாசியுங்கள் என்று சொல்லுங்கள். மெட்டின் வடிவம் ஒன்று, உட்காரும் இடம் மூன்று. ஏற்ற இறக்கம் ஒன்றாக இருப்பதால் ஒரே பாட்டு என்று காது அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் எந்த ஒரு சுதியிலும் அடங்காது. வாசிக்கும்போது யார் வேண்டுமானாலும் அடுத்த திருப்பத்தைக் கொடுக்கலாம், மற்றவர்கள் அங்கே போவார்கள். சாக்ஸபோன் முன்னால் நிற்பதும் மற்றவர்கள் பின்னால் தாங்குவதும் என்ற ஏற்பாடே கிடையாது.

இதுதான் முழு ஹார்மலாடிக்ஸா என்றால் இல்லை. ஆனால் ப்ரைம் டைமைக் கேட்க இவ்வளவு போதும்.

#9 தென்கரை

நாலுதந்தி, இவ்வளவு தெளிவாக இதை யாரும் எனக்குச் சொன்னதில்லை. மழைக்காகம் சொன்ன ஃபோர்ட் வொர்த் கதையும் யோசிக்க வைத்தது. சந்தை பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் கேள்வி தீரவில்லை. யாரும் யாருக்கும் வேலைக்காரன் இல்லை என்பது கேட்க நன்றாக இருக்கிறது. கேட்கிறவன் காதுக்கு எங்கேயாவது பிடிமானம் வேண்டுமே? 1959 குவார்டெட்டில் சார்லி ஹேடனின் பேஸ் அந்தப் பிடிமானத்தைக் கொடுக்கிறது. ட்ரம்பெட் வாசிக்கும் டான் செர்ரியும் ஆர்னெட்டும் எவ்வளவு தூரம் போனாலும் ஹேடனின் ஒரு நீண்ட ஸ்வரம் தரை எங்கே இருக்கிறது என்று காட்டிவிடும். ப்ரைம் டைமில் தரை எங்கே?

#10 கருந்தட்டு

தென்கரை, உங்கள் கேள்விக்குப் பதில் 'ஆஃப் ஹ்யூமன் ஃபீலிங்ஸ்' என்று நினைக்கிறேன். தரை வேண்டும் என்பவர்கள் அங்கேதான் தொடங்க வேண்டும்.

அது 1979 ஏப்ரலில் நியூயார்க்கில் ஒரே நாளில் பதிவானது. டிஜிட்டல் முறையில் பதிவு செய்யப்பட்ட ஆரம்பகால ஜாஸ் ஆல்பங்களில் ஒன்று. வெளிவந்ததோ 1982-ல், ஆன்டிலீஸ் லேபிளில். அதற்குப் பிறகும் பல காலம் கடையில் கிடைக்காமல்தான் கிடந்தது. நான் ஒரு பழைய எல்பியைத் தபாலில் வரவழைத்தேன், தட்டு அப்பளம் மாதிரி வளைந்து வந்தது. கனமான புத்தகங்களுக்கு நடுவில் பல நாள் வைத்து நிமிர்த்தி எடுத்தேன். இப்போதும் இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டில் ஊசி லேசாக ஏறி இறங்கும். அது எனக்குப் பழகிவிட்டது.

'டான்சிங்'கில் ஒரே மெட்டு பக்கம் முழுக்க ஓடும். இதில் எட்டுப் பாட்டு, எல்லாம் அளவானவை. ட்ரம்ஸில் இரண்டு பேர், ஆர்னெட்டின் மகன் டெனார்டோவும் கேல்வின் வெஸ்டனும். இரண்டு பேர் அடித்தால் குழப்பம் கூடும் என்றுதானே நினைப்போம்? நேர் எதிர். தாளம் முறுக்கிப் பிடித்த கயிறு மாதிரி இருக்கிறது. 'ஜம்ப் ஸ்ட்ரீட்' ப்ளூஸ் வாசம் அடிக்கிற பாட்டு, கேட்டால் அவருடைய டெக்சாஸ் நாட்கள் நினைவுக்கு வரும். 'ஸ்லீப் டாக்' தொடங்கும் வரியைக் கேட்டால் ரஷ்ய இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியின் 'ரைட் ஆஃப் ஸ்பிரிங்' முதல் வரி எட்டிப் பார்க்கும். அதே மெட்டைப் பல வருடம் கழித்து 'சவுண்ட் கிராமர்' ஆல்பத்தில் 'ஸ்லீப் டாக்கிங்' என்று எலெக்ட்ரிக் கிட்டார் இல்லாத குழுவோடு மறுபடி வாசித்தார். அந்த ஆல்பத்துக்குத்தான் 2007-ல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

தரை என்று கேட்டீர்கள். என் காதுக்குத் தரை ஆர்னெட்டின் தொனிதான். வேகமாக ஓடுகிற குழுவுக்கு மேலே அவர் மெதுவாக, அழுகிற குரலில், பேச்சு மாதிரி வாசிப்பார். அந்தக் குரல் 1959-லிருந்து மாறவே இல்லை.

#11 தனியாவர்த்தனம்

டெனார்டோ பற்றி ஒரு வார்த்தை. 1966-ல் 'தி எம்ப்டி ஃபாக்ஸ்ஹோல்' ஆல்பத்தில் அப்பாவுடன் வாசித்தபோது அவருக்குப் பத்து வயது. அன்றைக்கு அதைப் பலரும் கேலி செய்தார்கள், ட்ரம்மர்களுக்குக் கோபமே வந்தது. ஆனால் ஆர்னெட் என்ன தேடினார் என்று யோசித்துப் பாருங்கள். பாடம் கெட்டிப்படாத கை. ட்ரம்ஸ் இப்படித்தான் அடிக்க வேண்டும் என்று இன்னும் யாரும் சொல்லித்தராத கை. என் குருநாதரிடம் கற்றதை மறக்க எனக்குப் பத்து வருடம் பிடித்தது, அதனால் இது எனக்குப் புரிகிறது. டெனார்டோ அப்பாவின் கடைசிக் காலம் வரை கூடவே வாசித்தார், நிர்வாகத்தையும் பார்த்துக்கொண்டார்.

#12 மழைக்காகம்

> எனக்கு இரண்டில் 'பாடி மெட்டா'தான் மேல்.

எனக்கும்தான். சொல்ல இன்னொரு ஆள் கிடைத்தது சந்தோஷம்.

இந்தியாவிலிருந்து கேட்கிற நமக்கு இதில் இரண்டு நூல் இருக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். ப்ரைம் டைமுக்குக் கொஞ்சம் முன்னால், 1971-ல் பதிவான 'சயின்ஸ் ஃபிக்‌ஷன்' ஆல்பத்தில் இரண்டு பாட்டைப் பாடியவர் மும்பையைச் சேர்ந்த ஆஷா புத்லி. 'வாட் ரீசன் குட் ஐ கிவ்', 'ஆல் மை லைஃப்'. அந்தக் குரல் பித்தளைக் கருவிகளுக்கு நடுவில் நுழைந்து போகிற விதத்தைக் கேட்டுவிட்டு நான் அன்று முழுக்க வேறெதையும் கேட்கவில்லை.

இரண்டாவது நூல் பாதல் ராய். இன்றைய வங்கதேசத்தில் கொமில்லாவில் பிறந்த தபேலாக் கலைஞர். மைல்ஸின் 'ஆன் தி கார்னர்' ஆல்பத்தில் வாசித்தவரும் இவர்தான். 1995-ல் வந்த 'டோன் டயலிங்' காலத்தில் ப்ரைம் டைமில் இருந்தார். ஆல்பத்தில் அவர் பெயரிலேயே 'பாதல்' என்று ஒரு பாட்டு உண்டு. அதே ஆல்பத்தில் ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹ்வின் செல்லோ பிரெலூட் (முன்னுரை போன்ற சிறு இசைத்துண்டு) ஒன்றும் வருகிறது. கிட்டார் அதை எழுதியபடியே நிதானமாக ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் கழித்து மற்றவர்கள் வந்து சேர்ந்ததும் பாஹ் அப்படியே கால் முளைத்துத் தெருவுக்கு வந்துவிடுவார். என் பாட்டு ஆசிரியைக்குப் போட்டுக் காட்டினேன். முகம் சுளிப்பார் என்று பயந்தேன், இரண்டு தடவை திரும்பப் போடச் சொன்னார்.

#13 தென்கரை

வேலை நாட்களில் இரவில் 'ஆஃப் ஹ்யூமன் ஃபீலிங்ஸ்' கேட்டேன். கருந்தட்டு சொன்னது சரி, 'ஜம்ப் ஸ்ட்ரீட்' எனக்கே பிடித்துவிட்டது. பேஸை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன், நாலுதந்தி சொன்ன மாதிரி. அடுத்து 'வர்ஜின் பியூட்டி' கேட்டேன். அங்கே நின்றுவிட்டேன். ட்ரம்ஸ் சத்தம் எண்பதுகளின் பிளாஸ்டிக் சத்தம். எல்லாம் வழவழவென்று இருக்கிறது. 'பாடி மெட்டா'வின் வியர்வை எங்கே போயிற்று? இதையும் நல்ல ஆல்பம் என்கிறீர்களா?

#14 நெடுந்தீவான்

தென்கரை அண்ணை, அந்தச் சத்தம் எனக்கும் முதலில் ஒத்துவரவில்லை. 1988 அது, அந்தக் காலத்து ட்ரம்ஸ் ஒலிப்பதிவு அப்படித்தான். இருந்தாலும் 'த்ரீ விஷஸ்' பாட்டுக்காக நான் அந்த ஆல்பத்தை விடமாட்டேன். மொராக்கோச் சந்தையின் நெளிவு நெளிவான மெட்டு, அதில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஜெரி கார்சியா கிட்டார். மூன்று பாட்டில் அவர் வாசிக்கிறார். ராக் உலகத்தில் அவ்வளவு பெரிய ஆள் இங்கே வந்து, தனக்கென்று இடம் கேட்காமல் கூட்டத்தில் ஒருவராக வாசிக்கிறார். 1993 பிப்ரவரியில் ஓக்லண்டில் கிரேட்ஃபுல் டெட் மேடையில் ஆர்னெட் போய் ஏறி வாசித்தார். இவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு கேட்டிருப்பார்கள் என்று அதில் தெரியும்.

தலைப்புப் பாட்டு 'வர்ஜின் பியூட்டி'யை மட்டும் இரவில் ஒருக்கால் கேட்டுப் பாருங்கோ. அது மெதுவான பாட்டு.

#15 நாலுதந்தி

'வர்ஜின் பியூட்டி' விஷயத்தில் நான் தென்கரை சார் கட்சி. மெட்டுகள் அருமை, ஒலி எனக்கு ஆகவில்லை.

ஆனால் சார், நீங்கள் கேட்ட தரை விஷயத்துக்கு ஒரு யோசனை. ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். 1987-ல் 'இன் ஆல் லேங்குவேஜஸ்' என்று இரட்டை எல்பி வந்தது. ஒரு தட்டில் பழைய குவார்டெட்: டான் செர்ரி, சார்லி ஹேடன், பில்லி ஹிக்கின்ஸ், உங்களுக்குப் பிடித்த அதே ஆட்கள். இன்னொரு தட்டில் ப்ரைம் டைம். பல மெட்டுகளை இரண்டு குழுவும் வாசிக்கின்றன. 'ஃபீட் மியூசிக்', 'பீஸ் வாரியர்ஸ்', 'லேட்டின் ஜெனெட்டிக்ஸ்' மூன்றையும் குவார்டெட் முதலில், ப்ரைம் டைம் அடுத்து என்று ஜோடி ஜோடியாகக் கேளுங்கள். புதுச்செவி தம்பியும் இதையே செய்யலாம். இதற்கு மேல் நான் என்ன விளக்கினாலும் அது வெறும் வார்த்தை.

#16 புதுச்செவி

அண்ணா, 'ஃபீட் மியூசிக்' இரண்டும் கேட்டேன். குவார்டெட் வாசிப்பில் மெட்டு உடனே மனதில் நின்றது. அதை வாயில் முணுமுணுத்துக்கொண்டே ப்ரைம் டைமைப் போட்டேன். முணுமுணுப்பதை நிறுத்தாமலே கேட்க முடிந்தது! கிட்டார்கள் என் முணுமுணுப்போடு சேர்ந்து போகின்றன, சில இடத்தில் என்னை விட்டு விலகுகின்றன, மறுபடி வந்து சேர்கின்றன. சரியாகத்தான் கேட்கிறேனா என்று தெரியவில்லை.

#17 மழைக்காகம்

சரியாகத்தான் கேட்கிறாய் தம்பி. நானும் இனி அப்படித்தான் கேட்கப் போகிறேன்.

#18 கருந்தட்டு

புதுச்செவி சொன்ன வழி எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருடம் பேஸைப் பிடித்துக்கொண்டே போய்விட்டேன்.

இன்னொன்று எல்லோருக்கும். ஷெர்லி கிளார்க் எடுத்த 'ஆர்னெட்: மேட் இன் அமெரிக்கா' என்ற ஆவணப்படம் 1985-ல் வந்தது. 1983-ல் ஃபோர்ட் வொர்த் நகரம் ஆர்னெட்டை அழைத்து, மேயர் கையால் நகரத்தின் சாவியைக் கொடுக்கிற காட்சி அதில் உண்டு. கேரவன் ஆஃப் ட்ரீம்ஸ் என்ற கலையரங்கம் அங்கே திறக்கப்பட்ட சமயம் அது. 'ஸ்கைஸ் ஆஃப் அமெரிக்கா'வை ஆர்க்கெஸ்ட்ராவும் ப்ரைம் டைமும் சேர்ந்தே வாசிக்கின்றன. ஒரு பக்கம் கோட்டு போட்ட வயலின்காரர்கள், இன்னொரு பக்கம் எலெக்ட்ரிக் கிட்டார்கள், நடுவில் பளபளக்கும் உடையில் ஆர்னெட். சின்ன வயதில் ஆட்டக்கூடங்களில் ஊதிய ஊர் அது. அரங்கம் திறந்தபோது வாசித்தது 'ஓபனிங் தி கேரவன் ஆஃப் ட்ரீம்ஸ்' என்று தனி ஆல்பமாகவும் வந்திருக்கிறது. ஒலி கொஞ்சம் கரடுமுரடு, ஆனால் மேடையில் இந்தக் குழு எப்படி இருந்தது என்று தெரிய அதைக் கேட்க வேண்டும்.

#19 தென்கரை

ஞாயிற்றுக்கிழமை முழுக்க 'இன் ஆல் லேங்குவேஜஸ்' கேட்டேன். ஜோடி ஜோடியாக, நாலுதந்தி சொன்ன வரிசையில்.

'பீஸ் வாரியர்ஸ்' குவார்டெட் வாசிப்பில் ஆர்னெட்டும் டான் செர்ரியும் மெட்டைச் சேர்ந்து ஊதிவிட்டுப் பிரிகிறார்கள். கீழே ஹேடன். எனக்கு அது வீடு மாதிரி. அடுத்து ப்ரைம் டைம். முதல் முறை ஹேடனைத் தேடினேன், கிடைக்கவில்லை, எரிச்சல் வந்தது. இரண்டாம் முறை புதுச்செவி செய்ததைச் செய்தேன். ஹேடனைத் தேடாமல் மெட்டை மட்டும் மனதுக்குள் பாடிக்கொண்டே கேட்டேன். ஒரு கட்டத்தில் ஆர்னெட் மூச்சு வாங்க நிறுத்துகிறார். மெட்டு நிற்கவில்லை. பேஸில் ஒரு துண்டு, கிட்டாரில் ஒரு துண்டு என்று அது ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இடத்தை மட்டும் மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். நான் கேட்ட தரை அதுதான் போலிருக்கிறது.

1959-தான் இன்னும் என் ஆர்னெட். அதில் மாற்றமில்லை. 'வர்ஜின் பியூட்டி'யும் வேண்டாம். ஆனால் 'டான்சிங் இன் யுவர் ஹெட்' ஆல்பத்தை இன்றைக்கு இரவு முதலிலிருந்து கேட்கப் போகிறேன். நெடுந்தீவான் சொன்னபடி கடைசித் துண்டை முதலில் போடலாம் என்றிருக்கிறேன்.

#20 நெடுந்தீவான்

போடுங்கோ அண்ணை. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கோ, ரைத்தா மெல்லிய சத்தத்தில் எடுபடாது.